கம்ப்யூட்டர் அறையில் அரைப்பேர்

காலை எட்டு இருபதுக்கே நாகலெட்சுமி மாடிப்படி ஏறி வந்துவிட்டாள். அவளுடைய முறை எட்டரைக்கு. பொகவந்தலாவையிலிருந்து முதல் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவள், செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டுப் பாவாடையில் கையைத் துடைத்தாள். வாசல் மேசையில் இருந்த செல்லசாமி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

உள்ளே, கம்ப்யூட்டருக்கு முன்னால், அவளுடைய கதிரையில் பவுலின் உட்கார்ந்திருந்தாள்.

“கொஞ்சம் பொறுத்துக்க புள்ள. மணிக்கணக்க எடுக்கணும். மத்தியான ரயில்ல பங்குச் சாமி கொழும்புக்குக் கொண்டு போறாரு.”

“என் மணிக்கணக்கா டீச்சர்?”

“எல்லாரோடதும்.”

ஒருத்தி கம்ப்யூட்டரில் எத்தனை மணி நேரம் இருந்தாள் என்று பார்க்க, அவளைக் கம்ப்யூட்டரிலிருந்து எழுப்ப வேண்டியிருந்தது. இந்த ஏற்பாட்டைச் செய்தவள் பவுலினேதான். அதனால் யாரையும் திட்டவும் வழியில்லை.

எண்பத்தாறாம் ஆண்டு. அட்டன் பங்குக் கோவிலுக்குப் பின்னால் இருந்த பயிற்சி நிலையத்தின் கீழே தட்டச்சு வகுப்பு, மேலே ஒரேயொரு கம்ப்யூட்டர். ஜெர்மனியில் யாரோ நல்ல மனிதர்கள் கொடுத்தது. மூடுபனி உள்ளே வராமலிருக்க ஜன்னல் இடுக்குகளில் பழைய பத்திரிகையை ஒட்டியிருந்தார்கள். பிளாப்பிகள் இருந்த அலுமாரிக்குள் ஈரம் பிடிக்காமலிருக்க ஒரு பல்ப் எப்போதும் எரிந்துகொண்டிருந்தது. பெட்டியைப் பிரித்த நாளில் அமிர்தநாதன் சாமி கம்ப்யூட்டருக்குத் தீர்த்தம் தெளிக்கப் போனார். பவுலின்தான் குறுக்கே விழுந்து நிறுத்தினாள். அன்றிலிருந்தே அவளுக்கு அந்த அறையில் நிம்மதியில்லை.

காலையில் தோட்டத்துப் பிள்ளைகள் ஐந்து பேர், முறை வைத்துப் படித்தார்கள். பின்னேரம் கூட்டுறவுச் சங்கத்து கிளாக்கர் மரியரட்ணம். அதற்குப் பிறகு சாமி, பங்குச் செய்தி அடிக்க. மூன்று தரப்புக்கும் ஒரே குறை: மற்ற இரண்டு தரப்பும் கம்ப்யூட்டரை விடுவதில்லை.

சாமி பவுலினைக் கூப்பிட்டார்.

“கொழும்புல ஒரு மாசம் படிச்சிட்டு வந்தியே, அந்தக் கட்டம் கட்டமாப் போடுற கணக்கு. அதுல இவங்க நேரத்தப் போட்டுரு. சண்டை தீந்துரும்.”

அவள் அப்படித்தான் நம்பினாள். இரண்டு நாள் உட்கார்ந்து ஸ்பிரெட்ஷீட் ஒன்றைப் போட்டாள். பெயருக்கு ஒரு நிரல், வந்த நேரத்துக்கு ஒன்று, போன நேரத்துக்கு ஒன்று, கழித்து வருவதற்கு ஒன்று. கடைசியில் கூட்டுத்தொகை. தானாகக் கூட்டும். கூட்டிக் காட்டியபோது சாமி கைதட்டினார்.

கம்ப்யூட்டரின் கடிகாரத்தையே பயன்படுத்தலாம் என்று முதலில் நினைத்தாள். அட்டனில் கரண்டு நிற்காமல் ஒரு வாரம் போவது கிடையாது. நின்று வரும்போதெல்லாம் இயந்திரம் இன்றைக்கு என்ன தேதி என்று கேட்கும். யாரும் பதில் சொல்வதில்லை, விசையைத் தட்டிவிட்டு வேலையைத் தொடங்குவார்கள். உடனே அது எண்பதாம் ஆண்டு ஜனவரி முதலாம் தேதிக்குப் போய்விடும். முதல் வாரத்து ஸ்பிரெட்ஷீட்டின்படி மரியரட்ணம் ஆறு வருடத்துக்கு முன்னால் புதுவருடத்தன்று ஐந்து தடவை வந்திருந்தார்.

சரி, அவரவரே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதட்டும் என்றாள். மரியரட்ணம் ஐந்து மணிக்குப் போனால் மூன்றரை என்று போட்டார்.

“என் கைக்கடிகாரத்துல மூன்றரைதான் மிஸ்.”

“அப்ப அதைத் திருத்தக் குடுங்க.”

“திருத்துற ஆளு கொட்டகலையில இருக்கான். லீவு கெடச்சா போய்ட்டு வாறேன்.”

அதன் பிறகுதான் பவுலின் சட்டம் போட்டாள். வாசலில் ஓர் ஆள் இருப்பார். அவர் எழுதுவதுதான் கணக்கு. அவருடைய கையெழுத்து இல்லாமல் ஓர் எண்ணையும் கூட்டவோ மாற்றவோ கூடாது. சாமி அதற்கும் சரி என்று எழுதிக் கொடுத்தார். ஆளையும் அவரே பிடித்தார். கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பது வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்ற செல்லசாமி. யாருக்கும் வளையாத மனிதர் என்று பெயர். முதல் நாள், கோட்டுப் போட்டு, குடையைக் கோட்டுக் கழுத்துக்குப் பின்னால் கொளுவிக்கொண்டு, தேயிலை மலைக்கு வேலை பார்க்கப் போவது போலவே வந்தார். பிள்ளைகள் தாங்களாகவே வரிசையில் நின்றார்கள்.

கீழே தட்டச்சு வகுப்பில் முப்பது பேர் பவுலினைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். மேலே எட்டிப் பார்க்க நேரமில்லை. வெள்ளிக்கிழமைகளில் செல்லசாமியின் தாளை வாங்கி அப்படியே அடித்தாள். வந்த முதல் வாரம் நேரத்தை எழுதியவர், பிறகு ஒன்று, அரை என்று போட்டிருந்தார். முறையைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டாள். முறைக்கு இரண்டு மணி நேரம். ஒன்று என்றால் இரண்டு மணி, அரை என்றால் ஒரு மணி. அரை எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கரண்டு நின்றிருக்கும். பஸ் வந்திருக்காது.

இப்போது கூட்டுத்தொகை திரையில் பச்சையாக நின்றது. நாகலெட்சுமி, இருபத்தைந்து.

சான்றிதழுக்கு நாற்பது வேண்டும். பரீட்சை எழுத அனுமதிக்கும் கொழும்பு நிறுவனம் அதைத் தெளிவாகச் சொல்லியிருந்தது. நாற்பது மணி நேரம், பொறுப்பாளரின் கையெழுத்தோடு. மற்ற நான்கு பேருக்கு அடுத்த வருடமும் முறை உண்டு, அவர்கள் இன்னும் பதினெட்டைத் தொடாதவர்கள். நாகலெட்சுமிக்குக் கிடையாது. அவளுடைய அம்மா அம்மாக்கண்ணு போன மாதம் வந்து வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனாள்.

“தைப்பொங்கல் வரைக்கும் பாப்பேன் டீச்சர். பரீட்சைக் கடுதாசி வந்தா உங்க புள்ள. வரலன்னா தோட்டத்துல பேர் பதிஞ்சிருவேன். பதினெட்டு முடிஞ்சிருச்சு, தொரை கேட்டுக்கிட்டே இருக்காரு.”

பவுலின் மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் பார்த்தாள். இந்தப் பிள்ளை ஒரு நாளும் தவறவில்லை. மழை கொட்டிய நாளிலும் வந்து, தலையைத் துவட்டிக்கொண்டு உட்கார்ந்தது அவளுக்கு நினைவிருந்தது. அந்த நாளுக்கு நேரே அரை. அதற்குக் கீழே மரியரட்ணம். ஒரே பின்னேரத்துக்கு இரண்டு. பின்னேரம் என்பதே ஒரு முறைதான். இரண்டு எங்கிருந்து வரும்?

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். நாகலெட்சுமி நடையில், சுவரில் சாய்ந்து நின்றாள்.

“நீ போய் ஒக்காரு,” என்றாள் பவுலின். பிள்ளை உள்ளே போனது. “கணக்கப்பிள்ளை ஐயா, இந்த அரை எதுக்கு?”

“அரைப்பேருங்க.”

“என்னா?”

“அரைப்பேரு. வேல கொறஞ்சா அரைப்பேரு. டீச்சருக்குத் தெரியாதுங்களா?”

பவுலினுக்குத் தெரியும். அவளுடைய அம்மாவும் கொழுந்து எடுத்தவள்தான். நாள் முழுக்க மலையில் நின்றாலும், சொன்ன எடைக்குக் கொழுந்து வராவிட்டால் தோட்டத்து வருகைப் பதிவான செக்ரோலில் பாதி நாள் கூலி. அதுதான் அரைப்பேர். அம்மா அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுவரும் நாட்களில் யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள்.

“ஐயா, நான் கேட்டது நேரம். எத்தன மணிக்கு வந்தாங்க, எத்தன மணிக்குப் போனாங்க.”

“மொத வாரம் எழுதினேங்க. எல்லாரும் நேரத்துக்குத்தான் வாறாங்க, நேரத்துக்குத்தான் போறாங்க. அத எழுதி என்னாத்துக்கு? சும்மா வந்து நின்னுட்டுப் போறதுக்கு யாரு பேரு போடுவா?”

“அப்ப வேலய எப்படி அளந்தீங்க?”

செல்லசாமி இதைக் கேட்பார்கள் என்று காத்திருந்தவர் போல நிமிர்ந்தார்.

“தாளுதாங்க. வெளிய வரும்போது கையப் பாப்பேன். ரெண்டு தாளு இருந்தா முழுப்பேரு. கொறஞ்சா அரை. சங்கத்து கிளாக்கரு வாறாரு பாருங்க, ஓரத்துல ஓட்டை போட்ட தாளு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, தோள்ல போட்டுக்கிட்டு வருவாரு. மூட்டையா. அவருக்கு ஒண்ணு போட்டா நாயமாங்க?”

“அந்த ஆளு ஒரே லிஸ்ட்ட ஆறு தரம் அடிச்சாரு. ஓரம் சரியா வரலன்னு.”

“அது எனக்குத் தெரியாதுங்க. கொழுந்து வந்துச்சு, தராசுல நிறுத்தேன்.”

“சாமிக்கு?”

“சாமிக்கு யாருங்க அரைப்பேரு போடுவா?”

பவுலின் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே, அச்சு இயந்திரத்துக்கு மேலே, அவள் தன் கையாலேயே எழுதி ஒட்டிய அட்டை தெரிந்தது. மாணவிகள் அனுமதியின்றி எதையும் அச்சிடக் கூடாது. ரிப்பன் கொழும்பிலிருந்து வர வேண்டும். நாகலெட்சுமி அதை ஒரு நாளும் மீறவில்லை. வேலை முடிந்ததும் பிளாப்பியில் பதிந்துவிட்டு, வெறுங்கையோடு வெளியே வந்தாள். சொன்னபடி கேட்டதற்கு அரைப்பேர்.

“அந்தப் புள்ளைங்கள அச்சடிக்க வேணாம்னு சொன்னது நான்.”

“அது நீங்க என்கிட்டச் சொல்லலீங்களே.”

“அட்டையில எழுதியிருக்கு.”

“அட்டை உள்ள இருக்கு. நான் வெளிய இருக்கேன். உள்ள போகணும்னா செருப்பக் கழட்டணும். எனக்கு வாதக் காலுங்க.”

பவுலின் திரும்பி உள்ளே போனாள். நாகலெட்சுமி அப்போதுதான் விரலை விசையில் வைத்திருந்தாள்.

“எந்திரி புள்ள. இன்னொரு தரம்.”

பிள்ளை எழுந்து நடைக்குப் போனது. பவுலின் அரை இருந்த இடத்திலெல்லாம் ஒன்று போட்டாள். இரண்டு இருந்த இடத்திலெல்லாம் ஒன்று போட்டாள். எல்லாரும் முழு நேரமும் இருந்தார்கள் என்று செல்லசாமியே வாயால் சொல்லியாயிற்று. நாகலெட்சுமிக்கு நாற்பத்தாறு வந்தது. அச்சு இயந்திரம் கிரீச்சிட்டுத் தாளைத் தள்ளியது. அவள் அதைக் கிழித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“ஐயா, இதுல ஒரு கையெழுத்து.”

செல்லசாமி தாளை வாங்கினார். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். கீழே வந்ததும் தாளை மேசையில் வைத்து, அவள் பக்கம் மெதுவாகத் தள்ளிவிட்டார்.

“இது நான் போட்ட பேரு இல்லீங்க.”

“நீங்க போட்டது பிழை ஐயா.”

“பிழைன்னா நான் போட்ட அன்னைக்குச் சொல்லியிருக்கணும். வாராவாரம் வாங்கிட்டுப் போனீங்க. ஒரு வார்த்த சொல்லல.”

அது உண்மை. உண்மையாக இருந்ததால் அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

“முப்பது வருசம் செக்ரோலு வச்சிருந்தேன். போட்ட பேர மாத்தச் சொல்லித் தொரை சொன்னாரு, மாத்தல. யூனியன் தலைவரு வந்து நின்னாரு, மாத்தல. ஒருத்தருக்கு மாத்தினா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க.”

“இது துரை இல்ல, தலைவர் இல்ல. ஒரு புள்ளையோட பரீட்சை.”

“புள்ள நல்ல புள்ளதான். நான் இல்லன்னு சொல்லல.”

படியில் காலடி கேட்டது. மரியரட்ணம். கையில் சங்கத்துப் பையோடு, மூச்சு வாங்க ஏறி வந்தார். பின்னேரம் கரண்டு நிற்கும் என்று கடைத்தெருவில் பேசிக்கொண்டார்களாம், காலையிலேயே ஒரு மணி நேரம் கிடைக்குமா என்று கேட்க வந்திருந்தார். மேசையில் கிடந்த தாளைக் கேட்காமலே எடுத்தார்.

“என் ரெண்டெல்லாம் எங்க மிஸ்?”

“அது ரெண்டு இல்ல. நீங்க ஒரு முறைதான் இருந்தீங்க.”

“ஐயா போட்டாரே.”

“ஐயா நீங்க தூக்கிட்டுப் போன தாளைப் பாத்துப் போட்டாரு.”

மரியரட்ணம் தாளை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

“அப்ப அது சரிதானே. எங்க சங்கத்துலயும் அப்படித்தான் சொல்லியிருக்கேன், கம்ப்யூட்டரே எனக்கு ரெட்டிப்பு வேலைன்னு காட்டுதுன்னு. தலைவர் கூட்டத்துல வாசிச்சாரு. இப்பக் கொறச்சா என் மொகத்த எங்க வைக்கிறது? கம்ப்யூட்டர் பிழை விடாதுன்னு நீங்கதானே மிஸ் சொன்னீங்க?”

“கம்ப்யூட்டர் பிழை விடல.”

“பாத்தீங்களா.”

அவரோடு பேசுவதற்குப் பதிலாக அலுமாரியோடு பேசலாம் என்று பவுலினுக்குத் தோன்றியது. காலை முறை பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று சொல்லி அவரைப் படியிறக்கிவிட்டு, தானும் தாளோடு இறங்கிப் பங்குமனைக்குப் போனாள். அமிர்தநாதன் சாமி பெட்டிக்குள் அங்கியை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னதை நின்றபடியே முழுக்கக் கேட்டார். இடையில் ஒரு தடவை சிரித்தார்.

“எனக்கு முழுப்பேரா?”

“சிரிக்காதீங்க சாமி. அந்தப் புள்ளைக்கு இருபத்தஞ்சு மணின்னு போனா எடுக்க மாட்டாங்க.”

“நீ சொல்றதுதான் சரி. எனக்கும் விளங்குது. ஆனா செல்லசாமி கையெழுத்து இல்லாம நான் எப்படிப் போடுறது? அவர் கையெழுத்து இல்லாம ஒரு எண்ணையும் மாத்தக் கூடாதுன்னு எழுதி, என்கிட்டக் கையெழுத்து வாங்கினியே. அதோட ஒரு பிரதிய அப்பவே கொழும்புக்கும் அனுப்பியாச்சு. நம்மகிட்ட ஒழுங்கு இருக்குன்னு அவங்க பாராட்டி எழுதினாங்க.”

“அது மரியரட்ணத்துக்காகப் போட்ட சட்டம் சாமி.”

“சட்டத்துல அவர் பேர் இல்லையே.” பெட்டியை மூடி அமுக்கினார். “செல்லசாமியக் கேளு. நல்ல மனுசன். நான் பதினொன்றரைக்கு ஸ்டேசனுக்கு இறங்குவேன்.”

அவள் திரும்பி மாடிப்படி ஏறினாள். மூடுபனி முற்றத்தில் இறங்கியிருந்தது. கோவில் தெரியவில்லை, மணிக்கூண்டு மட்டும் மேலே மிதந்தது. நல்ல மனுசன், நல்ல மனுசன் என்று ஒவ்வொரு படிக்கும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே ஏறினாள். கெட்ட மனிதராக இருந்தால் இவ்வளவு கஷ்டம் இல்லை.

நாகலெட்சுமி இன்னும் நடையில்தான் நின்றாள். உள்ளே கதிரை காலியாக இருந்தது.

“ஏன் நிக்கிற? போய் ஒக்காரச் சொன்னேனே.”

“எந்திரின்னு சொன்னீங்க டீச்சர். திருப்பி ஒக்காரச் சொல்லல.”

பவுலின் செல்லசாமியின் மேசையைப் பார்த்தாள். இன்றைய தாள் திறந்திருந்தது. நாகலெட்சுமியின் பெயருக்கு நேரே மை இன்னும் காயாமல் பளபளத்தது. அரை.

“இன்னைக்கும் அரையா?”

“வெளிய வந்திருச்சுங்களே. கையில தாளு இல்ல.”

“நான்தான் எழுப்பிவிட்டேன்.”

“அத நான் எங்க எழுதுறது? அதுக்குக் கட்டம் போடலையே நீங்க.”

பவுலின் தாளை மேசையில் வைத்தாள். பேனையைத் திறந்து அதன் பக்கத்தில் வைத்தாள். குரலை உயர்த்தாமல் பேச முயன்றாள்.

“ஐயா, ஒண்ணு சொல்றேன். இந்தக் கையெழுத்து இல்லன்னா இந்தப் புள்ளைக்குப் பரீட்சை இல்ல. பொங்கலுக்கு அவங்கம்மா தோட்டத்துல பேர் பதிஞ்சிரும். அப்பறம் எந்தக் கணக்கப்பிள்ளையாவது ஒவ்வொரு நாளும் இதே அரையப் போடுவாரு, இவ கெழவியாகுற வரைக்கும். உங்களுக்கு அது சம்மதமா?”

செல்லசாமி பேனையைத் தொடவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். திரும்பவும் போட்டுக்கொண்டார்.

“கொல்லாதீங்க டீச்சர். எனக்கும் ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. ஆனா நான் நிறுக்காம ஒரு பேரு போட்டதில்ல. குடுக்காத கொழுந்துக்குப் பேரு போட்டா, குடுத்தவளுக்கு நான் என்னா பதில் சொல்றது? மூணு தோட்டத்துல கேளுங்க, செல்லசாமி நிறுவையில பிழை விட்டான்னு ஒருத்தி சொல்ல மாட்டா.”

மணி பதினொன்றை நெருங்கியது.

நாகலெட்சுமி இதுவரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று சுவரை விட்டு விலகி, வெறுங்காலோடு உள்ளே போனாள். அலுமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. பல்ப் வெளிச்சம் ஒரு கணம் தரையில் விழுந்து மறைந்தது. திரும்பி வந்தபோது இரண்டு விரலுக்கு நடுவே ஒரு பிளாப்பி இருந்தது. உறையில் அவளுடைய பெயர், பவுலினின் கையெழுத்தில்.

அதை அவள் மேசையில், தாளுக்கும் பேனைக்கும் நடுவில் வைத்தாள். வைத்துவிட்டு, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்களத்தில் நிற்கும் பெண்களைப் போலக் கையைக் கட்டிக்கொண்டாள்.

“என்னா புள்ள இது?” என்றார் செல்லசாமி.

“என் கொழுந்துங்க. வந்த நாள்லேருந்து எடுத்தது எல்லாம் இதுக்குள்ள இருக்கு. டீச்சர் தாளுல அடிக்க வேணாம்னு சொன்னாங்க, இதுல போட்டேன்.”

செல்லசாமி பிளாப்பியைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையில் வைத்து, தன்னையறியாமல், ஒரு தடவை மேலும் கீழும் அசைத்தார். அதில் எடையே இல்லை.

நாகலெட்சுமி தலை நிமிர்த்தி அவரை நேராகப் பார்த்தாள்.

“ஐயா, நீங்க நிறுக்காமப் பேரு போட மாட்டீங்கன்னு எங்கம்மாவும் சொல்லும். என் கொழுந்த என்னைக்குங்க நிறுத்தீங்க?”